“எங்க காளைக்குக் கம்மல் வேண்டாம்!”

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஆதனக்கோட்டை என்று ஓர் ஊர் வரும். சாலையோரத்தில் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக் கொட்டையைச் சுட்டு, உடைத்து, பருப்பைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். அந்த வாசனைக்குத் தப்பி ஊரைத் தாண்டியவர்கள் வெகு சிலரே. நானும் தப்பவில்லை. பொட்டலமும் கையுமாகச் சாலையை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் நாலு மைல் போனால் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். “பேரை மாத்திரம் போட்டுறாதீக தம்பி” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மோரே கொடுத்தார்கள்.

நான் போனது விடிந்தும் விடியாத வேளை. டீக்கடையில் அப்போதுதான் பாய்லர் சூடாகிக் கொண்டிருந்தது. திடீரென்று ஊருக்குள் ஒரு பரபரப்பு. ஒரு பையன் சைக்கிளில் தெருத் தெருவாகப் போய், “ஊசிக்காரவுக வர்றாக! ஊசிக்காரவுக வர்றாக!” என்று சொல்லிக்கொண்டே போனான்.

எதிர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு மூதாட்டி வெளியே வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கையில் கயிறு, கயிற்றின் மறு நுனியில் ஒரு காளை. நாலு பல் போட்ட காரி. எருமையைப் போல் கறுப்பு. நெற்றியில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைச் சுட்டி. அந்த முரட்டுக் காளை அம்மூதாட்டியின் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல அடக்கமாக நடந்தது.

“அப்பத்தா, காலங்காத்தாலே எங்கே போறே?” என்றான் பேரன்.

“சத்தம் போடாதடா! கம்மல் மாட்டுறவுக வர்றாக. இவனைக் காட்டுக்குள்ளே கட்டிட்டு வந்துடறேன். யாரும் கேட்டா வித்தாச்சுன்னு சொல்லு.”

காளை முந்திரிக் காட்டுக்குள் மறைந்தது. அப்பத்தா திரும்பி வந்து, ஒன்றும் நடவாதது போலத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

அரை மணிக்கெல்லாம் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து சேர்ந்தார். கூட ஓர் உதவியாளர். ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்து, கையில் ஒரு குறடு, பை நிறைய மஞ்சள் வில்லைகள். கொட்டிலில் நின்ற பசுவுக்கு ஊசி போட்டார். அதன் காதில் ஏற்கெனவே வில்லை இருந்தது. செல்போனில் நம்பரைத் தட்டிச் சரிபார்த்தார். பிறகு காலியான கட்டுத்தறியைப் பார்த்தார்.

“அப்பத்தா, காளை எங்கே?”

“வித்துப்புட்டோம்மா.”

அந்த நிமிஷம் பார்த்தா முந்திரிக் காட்டிலிருந்து, “ம்ம்ம்மா!” என்று ஒரு குரல் கிளம்ப வேண்டும்! கேட்டவுடனே தெரிந்துவிடும், தாகத்துக்குக் கத்துகிற காளையின் குரல் என்று. பேரன் தரையைப் பார்த்தான். உதவியாளர் ஆகாயத்தைப் பார்த்தார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்பத்தா ‘கம்மல்’ என்று சொன்னது மாட்டின் காதில் குத்துகிற மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை. அதில் பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கும். இந்தியா முழுவதிலும் அந்த எண் அந்த ஒரு மாட்டுக்கு மட்டுமே உரியது. மனிதருக்கு ஆதார் அட்டை மாதிரி மாட்டுக்கு இது; ‘பசு ஆதார்’ என்றே பெயர் வைத்து விட்டார்கள். 2017-ஆம் வருஷத் தொடக்கத்தில் 8 கோடியே 80 லட்சம் பசு, எருமைகளுக்கு இதைக் குத்துவது என்று மத்திய சர்க்கார் பெருமுயற்சி எடுத்தது. 148 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வில்லையின் எடை எட்டு கிராம். அன்றைய விலை எட்டு ரூபாய். எண்ணைத் தட்டினால் மாட்டின் வயது, இனம், எத்தனையாவது ஈற்று, எப்போது சினை ஊசி, எப்போது தடுப்பூசி, உடையவர் யார், அவருடைய செல்போன் நம்பர் என்ன என்பதெல்லாம் திரையில் வந்துவிடும்.

மாட்டுக்கு எதற்கு ஐயா இவ்வளவு ஜாதகம்? கோமாரியைக் கேட்டால் சொல்லும்.

வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டு, எச்சில் ஒழுக, தீனி எடுக்காமல் மாடு துடிக்கும் அந்த நோயைக் கிராமத்தார் அறிவார்கள். 2013-ல் அது தென்னிந்தியாவையே கலக்கியது. நம் மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் மாடுகள் மடிந்தன. பிழைத்த பசுவுக்கும் பழைய பால் திரும்பவில்லை. நோயை அடியோடு ஒழிக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அநேகமாக ஒரு மாடு விடாமல், ஊசி போட வேண்டும். 2019 செப்டம்பர் 11-ஆம் தேதி மதுராவில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த திட்டம் இதற்காகத்தான். ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய். 2030-க்குள் கோமாரியே இல்லாமல் செய்வது என்பது குறிக்கோள். கருச்சிதைவு நோய்க்கும் அதே திட்டத்தில் ஊசி உண்டு. அது பெண் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், ஆயுளில் ஒரே ஒரு தடவை போட வேண்டியது. எந்தக் கன்றுக்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று கோடிக்கணக்கான மாடுகளில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் வில்லை.

சட்டமும் பின்னால் நிற்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி, நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடத்தில் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொள்வது உடையவரின் கடமை. ஊசி போட்ட மாட்டுக்குச் சூடு வைத்தோ, பச்சை குத்தியோ, காதில் வில்லை மாட்டியோ அடையாளம் இடலாம். இட்ட அடையாளத்தை இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது.

ஆக, சர்க்கார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அப்பத்தா காளையை ஏன் ஒளித்து வைத்தார்? விவரம் தெரியாத கிராமத்துக் கிழவி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நான் ஏமாந்தேன், அதனால் சொல்கிறேன்.

“அடையாளம்னா வேண்டாம்னு யாரு சொன்னா? ஒங்களுக்கு நான் எங்க காளையோட அடையாளம் சொல்லவா?” என்று ஆரம்பித்தார் பாருங்கள், எனக்குத் தலை சுற்றிவிட்டது. காரி, செவலை, மயிலை, மறை, பில்லை என்று நிறம் முதலில். பிறகு கொம்பு: விரிந்ததா, கூடினதா, முன் வளைந்ததா. பிறகு சுழி. மயிர் சுழித்துக்கொண்டு வளர்கிற இடம் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தினுசு. கோபுரச் சுழி இருந்தால் வீடு உயரும். லட்சுமி சுழி இருந்தால் கேட்கவே வேண்டாம். பாடைச் சுழி இருந்தால் சும்மா கொடுத்தாலும் ஆள் வாங்கமாட்டான். சுழி பலிக்கிறதோ இல்லையோ, நமது கைரேகையைப் போல அது மாட்டுக்கு மாடு வேறுபடுகிறது என்பது மாத்திரம் நிச்சயம். சந்தையில் மாடு வாங்குகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்லுவார். ஆட்டுக்காரரோ காதில் சின்னதாக வெட்டு வைத்திருப்பார். இந்த வெட்டு இன்னார் மந்தை என்று அடுத்த ஊருக்கும் தெரியும்.

சர்க்காருக்கு மாடு எண்ணும் ஆசை வந்ததும் நேற்று இன்றல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே மந்தைகளைக் கவனிக்க ஓர் அதிகாரி உண்டு. மாட்டின் சூட்டுக் குறி, பிறவி அடையாளம், நிறம், கொம்பின் அமைப்பு எல்லாவற்றையும் அவர் ஏட்டில் பதிய வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமைக்கோ மாட்டின் மீது இருக்கிற உரிமை இன்னும் உயிரோடு ஒட்டியது. பொற்பனைக்கோட்டையில் கிடைத்த, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பழைய நடுகல் ஆநிரைச் சண்டையில் உயிர் விட்ட ஒரு வீரனுக்கு நட்டது. மாட்டுக்காக மாண்டவனுக்குக் கல் நட்ட மண்ணில் வந்து, “உன் மாடு எது?” என்று ஒருவர் கேட்டால் சற்றுக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் கவனியுங்கள். சுழியும் காது வெட்டும் உடையவரோடும் அண்டை அயலாரோடும் பேசுகிற அடையாளங்கள். பன்னிரண்டு இலக்க எண் அப்படியல்ல. அது எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரோடு பேசுகிறது. என்ன பேசுகிறது என்று மாட்டுக்குச் சொந்தக்காரருக்குத் தெரிவதில்லை. அங்கேதான் சந்தேகம் முளைக்கிறது.

முதல் குறை, காதுப் புண். குத்துகிற இடம் சரியாக அமையாவிட்டால் ரத்தக் குழாயில் பட்டுவிடும். ஈ மொய்க்கும், சீழ் பிடிக்கும், சில சமயம் புழுவே வைத்துவிடும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டு ஆற்ற வேண்டியது வீட்டுப் பெண்களின் வேலை. வேலியிலோ முந்திரிக் கிளையிலோ வில்லை மாட்டிக்கொண்டால் மாடு தலையைச் சிலுப்பும். வில்லையோடு காதும் கிழிந்து வரும். கறவை மாட்டுக்குக் காது கிழிந்தால் பால் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் ஜல்லிக்கட்டுக் காளைக்கு? கோயில் காளைக்கு? அங்கம் பின்னப்பட்ட காளையைச் சாமிக்கு முன்னால் எப்படி நிறுத்துவது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள ஜில்லா என்று பெயர் பெற்றது புதுக்கோட்டை. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் நடப்பது வழக்கம். விராலிமலையில் 2019 ஜனவரியில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. இப்படிப்பட்ட இடத்தில் காளையின் காது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது குறை, சந்தை சம்பந்தப்பட்டது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து, ஒரு வார்த்தை வெளியே வராமல் ஆயிரக்கணக்கில் வியாபாரம் முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாத கணக்கு அது. அவசரத்துக்கு, அதாவது பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம், பெண்ணுக்குச் சீர், ஆஸ்பத்திரிச் செலவு என்று வரும்போது, அவிழ்த்துப் போய் அன்றே காசாக்கி வரலாம் என்பதுதான் ஏழைக்கு மாடு தருகிற தைரியம். வங்கியில் போட்ட பணத்தை எடுக்கக்கூடப் பாரம் எழுத வேண்டும். மாட்டுக்கு அது வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கப் போகிறார்கள் என்ற பயம் வெறும் கற்பனையும் அல்ல.

2017 மே மாதம் மத்திய சர்க்கார் மாட்டுச் சந்தைகளுக்கு ஒரு விதி கொண்டு வந்தது. சந்தையில் மாடு வாங்குகிறவர் தாம் விவசாயி என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். வெட்டுக்கு விற்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விற்பனைச் சீட்டு ஐந்து பிரதி. வாங்கிய மாட்டை ஆறு மாதத்துக்கு விற்கக் கூடாது. சொந்த நிலம் ஒரு சென்ட்கூட இல்லாமல், குத்தகைக் கொல்லையிலும் குளத்தங்கரையிலும் மாடு மேய்த்துப் பிழைக்கிறவர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்? வெட்டுக்கு விற்பதைத் தடுக்கிற பிரிவுகளுக்கு மே 30-ஆம் தேதியே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. விதி நின்றது, அது விதைத்த பயம் நிற்கவில்லை. காதில் வில்லை குத்துவதும் அதே வருஷம் சூடுபிடித்தது, பாருங்கள்! இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று நமக்குத் தெரியும். ஆதனக்கோட்டைப் பக்கத்துக் கட்டுத்தறியில் நின்று பார்க்கிறவருக்கு, இரண்டுமே “மாட்டுக்குக் கணக்குக் கேட்கிற” காரியங்கள்தாம்.

இரண்டு வருஷம் கழித்து, 2019-ல், தமிழ்நாடு சர்க்கார் மாட்டினப் பெருக்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நோயுள்ள காளையின் விந்தும், பூர்வீகம் தெரியாத விந்தும் விற்பனைக்கு வராமல் தடுப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் இனப்பெருக்கத்துக்கு உரிய காளை பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்று பெற்றிருக்க வேண்டும் என்று வந்ததும் விவசாயிகளும் நாட்டு மாட்டு ஆர்வலர்களும் கொதித்துப் போனார்கள். ஊர்ப் பசுக்களோடு மேய்ந்து திரிகிற கோயில் காளை எந்த ஆபீசில் போய்ப் பதிவு செய்துகொள்ளும்? சான்றில்லாத நாட்டுக் காளைகளை ஓரங்கட்டிவிட்டு, சினை ஊசிக் குழாய்க்கே எல்லோரையும் அனுப்புகிற வழி இது என்று அவர்கள் அஞ்சினார்கள். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் மெரீனாவில் லட்சக்கணக்கில் கூடியபோது எழுந்த நாட்டு மாட்டுப் பேச்சு அப்போது இன்னும் ஆறவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2021 செப்டம்பர் 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், ஜல்லிக்கட்டில் நாட்டு இனக் காளைகள் மட்டுமே கலந்துகொள்ள வேண்டும், அதற்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும் என்று உத்தரவிட்டது. இயன்ற வரை செயற்கைக் கருவூட்டலைத் தவிர்க்கும்படியும் சொன்னது. நாட்டு மாட்டுக்காரர்களுக்கு வெற்றி! ஆனால் நாட்டுக் காளைதான் என்று நிரூபிக்க மறுபடியும் சான்று, மறுபடியும் பதிவு. சுற்றிச் சுற்றி அதே கட்டுத்தறிக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இந்தத் தகராறு நமக்கு மாத்திரம் உரியதென்று எண்ண வேண்டாம். பெரிய பெரிய பண்ணைகள் உள்ள அமெரிக்காவிலேயே இதே கதை நடந்தது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்குப் ‘பைத்திய மாட்டு நோய்’ இருப்பது தெரிந்தது. உடனே பல நாடுகள் அமெரிக்க மாட்டிறைச்சி வேண்டாம் என்று கதவைச் சாத்தின. ஒவ்வொரு கால்நடைக்கும், ஒவ்வொரு பண்ணைக்கும் எண் கொடுக்கும் திட்டத்தை அடுத்த வருஷமே அந்நாட்டு விவசாய இலாகா கையில் எடுத்தது. சிறு விவசாயிகள் திரண்டு எதிர்த்தார்கள். அவர்கள் காட்டிய கணக்கு சுவாரசியமானது. ஆயிரக்கணக்கில் கோழியும் பன்றியும் ஒரே கூட்டமாக வளர்த்து, ஒரே கூட்டமாக ஏற்றி அனுப்புகிற பெரிய கம்பெனிக்குக் கூட்டத்துக்கு ஓர் எண் போதும். பத்து உருப்படியை வெவ்வேறு இடத்தில் வாங்கி வெவ்வேறு இடத்தில் விற்கிற ஏழைக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொன்றுக்கும் செலவு! விஸ்கான்சின் மாநிலத்தில், மோட்டார் கார் வேண்டாம் என்று குதிரை வண்டியிலேயே போகும் ஆமிஷ் சமூகத்தினர், இப்படி எண்ணிடுவது தங்கள் வேதத்துக்கே விரோதம் என்று கோர்ட் வரை போனார்கள். கடைசியில் 2010 பிப்ரவரியில் சர்க்கார் அத்திட்டத்தைக் கைவிட்டது. மாநில எல்லையைத் தாண்டுகிற கால்நடைகளுக்கு மட்டும் அடையாளம் வேண்டும் என்று 2013-ல் சுருக்கமான விதி வந்தது. வீட்டுக்கும் ஊர்ச் சந்தைக்குமாகப் போய் வருகிற மாட்டைத் தொந்தரவு செய்யவில்லை.

இனி என் சொந்தக் கதை ஒன்று. தஞ்சாவூர் ஜில்லாவில் என் அத்தை இருக்கிறார். இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஒரு பசுவைக் கடன் வாங்கி வாங்கியபோது இன்ஷூரன்சும் செய்தார்கள். காதில் வில்லை குத்தினார்கள். ஐப்பசி அடைமழையில் வைக்கோல் போரில் உரசிக்கொண்ட மாடு வில்லையை எங்கோ போட்டுவிட்டு வந்தது. போனால் போகிறது என்று அத்தையும் விட்டுவிட்டார். மார்கழியில் பசு செத்துப் போயிற்று. விண்ணப்பத்தோடு போனோம். “வில்லை எங்கே?” என்றார்கள். வில்லை இல்லையேல் தொகை இல்லை என்பது மாட்டு இன்ஷூரன்சில் பொதுவான நிபந்தனை. விழுந்தால் உடனே தெரிவித்து வேறு வில்லை குத்திக்கொள்ள வேண்டும். இதை அத்தைக்கு யாரும் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை. பத்திரத்தில் இருந்தது அவருக்குத் தெரியாத பாஷை. குடும்பமே மூன்று நாள் எருக்குழியைக் கிளறியது. நானும் பட்டணத்துச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிக் கிளறினேன். இரும்பு வளையம் ஒன்று கிடைத்தது; பேரப்பிள்ளையின் பம்பரம் கிடைத்தது. வில்லை கிடைக்கவில்லை. பசு போன பிறகும் அதன் கடனுக்கு அத்தை மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்தார். ‘கம்மல்’ என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் அத்தையின் முகம் மாறிவிடும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் புதுக்கோட்டை ஜில்லாவைச் சூறையாடியது. தென்னை, பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. ஆடு மாடுகள் கொட்டிலோடு நசுங்கிச் செத்தன. அப்போதிருந்த பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், உழவு மாட்டுக்கு 25,000, ஆட்டுக்கு 3,000. வாங்க வேண்டுமானால் மாடு இருந்தது, செத்தது, அது தம்முடையதுதான் என்று காட்ட வேண்டும். மரம் விழுந்து பாதையெல்லாம் அடைபட்டிருக்கிறது; மின்சாரம் இல்லை; அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் நாற்றம் தாங்காமல் புதைத்தவர்கள் உண்டு. புதைத்த பிறகு சுழியைக் காட்டி நிரூபிக்க முடியுமா? அந்த வீடுகளில் போய், “வில்லை இருந்திருந்தால் நல்லதா, கெட்டதா?” என்று கேட்டால், அப்பத்தா சொல்கிற பதில் வராது.

அப்படியானால் இந்த ஜனங்கள் பதிவுக்கே விரோதிகளா? இல்லவே இல்லை. தை பிறக்கட்டும், பாருங்கள்! ஜல்லிக்கட்டுக்குக் காளையைக் கொண்டு போக மருத்துவச் சான்று வேண்டும்; காளையும் உடையவரும் சேர்ந்து நிற்கிற போட்டோ வேண்டும்; டோக்கன் வேண்டும். மதுரைப் பக்கத்துப் பெரிய ஜல்லிக்கட்டுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இதே விவசாயிகள் அதிகாலையிலேயே காளையைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, மாட்டாஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். டோக்கன் கிடைக்கவில்லை என்றால் சண்டையும் பிடிக்கிறார்கள். போட்டோவில் காளைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார்கள். ஏன்? அந்தக் காகிதத்தால் வாடிவாசல் திறக்கிறது. மஞ்சள் வில்லையால் தனக்கு எந்தக் கதவு திறக்கிறது என்று அப்பத்தாவுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

அன்று மத்தியானம் டாக்டரம்மாவை மாட்டாஸ்பத்திரியில் சந்தித்தேன். ஓடு வேய்ந்த சின்னக் கட்டிடம். வாசலில் மாட்டைக் கட்டி வைக்கிற இரும்புக் கூண்டு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

“நீங்களும் எங்களைத் திட்டித்தான் எழுதப் போறீங்களா சார்?” என்று கேட்டார்.

“காளை கத்தினது உங்கள் காதில் விழவில்லையா?” என்றேன்.

“விழாமலா? அந்த ஊரில் அன்றைக்கு மட்டும் ஏழெட்டுக் காளை ‘வித்தாச்சு’. சந்தையில்கூட அவ்வளவு வியாபாரம் நடக்காது.” சிரித்துவிட்டு அவர் சொன்னார்: நாள் ஒன்றுக்கு இத்தனை மாடு என்று மேலிருந்து கணக்கு வருகிறது. முந்திரிக் காட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை. எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். ஜல்லிக்கட்டுக் காளையைப் பிடித்து நிறுத்திக் காதில் குறடு வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. போன தடவை உதவியாளருக்கு விலாவில் குத்து. எண் ஏறாவிட்டால் போட்ட ஊசி கணக்கில் வராது. கணக்கில் வராவிட்டால் ஊசியே போடவில்லை என்று அர்த்தம்.

“காதுப் புண் வந்ததென்று சொல்கிறார்களே?”

“வருது சார். இல்லைன்னு சொல்லமாட்டேன். குத்தின மூணாம் நாள் திரும்பிப் போய் ஒரு தடவை பார்த்தால் பாதிப் புண்ணைத் தடுத்துவிடலாம். திரும்பிப் போக நான் ஒருத்திதானே இருக்கேன்?”

பேசிக்கொண்டே இருக்கும்போது வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வேறு யார்? அப்பத்தாவேதான்! நாலு மைல் வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். பின்னால் பேரன் ஒரு கயிற்றையும், அப்பத்தா ஒரு கயிற்றையும் பிடித்திருக்க, ‘விற்றுப் போன’ காரிக் காளை கம்பீரமாக வந்து நின்றது.

“வித்த காளை திரும்பி வந்துடுச்சா அப்பத்தா?” என்றார் டாக்டரம்மா.

அப்பத்தா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “அடுத்த ஊர்ல ரெண்டு மாட்டுக்கு வாயில நுரை தள்ளுதுன்னு டீக்கடையில பேசிக்கிறாக. இவனுக்கு ஊசியை மட்டும் போட்டு விடு ஆத்தா. கம்மல் வேண்டாம்.”

“கம்மல் இல்லாம ஊசி போட்டா நான் பதில் சொல்லணும் அப்பத்தா.”

“தை கழியட்டும். ஒரு தடவை வாடியில விட்டுப் பார்த்துக்கிறேன். மாசி பொறந்ததும் நானே இழுத்தாறேன். காதைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், போதுமா?”

“புண் வந்தா?”

“அதைத்தான் நான் ஒன்னையக் கேக்கணும்!”

டாக்டரம்மா கொஞ்ச நேரம் காளையையே பார்த்துக்கொண்டு நின்றார். “மூணாம் நாள் நானே வந்து பார்க்கிறேன், அப்பத்தா. பஸ் இல்லாட்டியும் வர்றேன்” என்றார். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். பேரன் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்தான்; அப்பத்தா காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். குத்தியது தெரிவதற்கு முன்பே ஊசி வெளியே வந்துவிட்டது.

டாக்டரம்மா செல்போனை எடுக்கவில்லை. மேஜை அறையைத் திறந்து, அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். எனக்குத் தெரியும்படியாகவே வைத்து எழுதினார்: “காரி. நாலு பல். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. முன் வளைந்த கொம்பு.”

“சுழி என்ன அப்பத்தா?” என்று நிமிர்ந்து கேட்டார்.

“கோபுரச் சுழி” என்றார் அப்பத்தா. “நல்லா அழுத்தி எழுதிக்க.”